புது ஊர்ல சுத்திப் பாக்கும்போது மதியம் நிம்மதியா உக்காந்து சாப்பிடறது எப்படி

ஊர் சுத்தப் போறவங்க பெரும்பாலும் எல்லாத்துக்கும் பிளான் வெச்சிருப்பாங்க. காலைல எத்தன மணிக்குக் கெளம்பணும், மொதல்ல எந்த இடம், டிக்கெட் ஆன்லைன்ல எடுக்கணுமா, ராத்திரி எங்க சாப்பிடறது, எல்லாம் ஒரு வாரம் முன்னாடியே பேசி முடிச்சிருப்பாங்க. மதியச் சாப்பாடு மட்டும் "அங்க போய் பாத்துக்கலாம்". அந்த "அங்க போய்" எப்ப வரும்னா மணி ஒன்றரை ஆகி, வெயில் மண்டைல எறங்கி, கால் ரெண்டும் கெஞ்ச ஆரம்பிச்சு, கூட வந்தவங்க யாரும் யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசாம நடக்கற நேரத்துல வரும். அந்த நெலமைல கண்ணுல படற மொத கடைக்குள்ள பூந்துடுவோம். அது பெரும்பாலும் அந்த ஏரியாலயே நெரிசலான கடையா, சுமாரான கடையாத்தான் இருக்கும்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். ஊர் சுத்தற நாள்ல பகல்ல கெடைக்கற ஒரே பெரிய ஓய்வு இந்த மதியச் சாப்பாட்டு நேரம்தான். அதனால "எங்க டேஸ்ட்டா இருக்கும்"னு தேடறதுக்கு முன்னாடி, "எங்க போனா ஒரு மணி நேரம் யாரும் வெரட்டாம உக்காரலாம்"னு தேடுங்க. சாப்பாடு ஓரளவு நல்லா இருந்தா போதும். நல்லா உக்காந்து எழுந்த சுகம் சாயங்காலம் வரைக்கும் தாங்கும், அது இல்லாம எவ்ளோ ருசியா சாப்பிட்டாலும் நாலு மணிக்கு ரூமுக்குப் போயிடலாமானு தோணிடும்.

இது சும்மா சோம்பேறித்தனம்னு நெனைக்காதீங்க. சுத்திப் பாக்கறது வெறும் நடை கெடையாது. நின்னு, அண்ணாந்து பாத்து, குனிஞ்சு படிச்சு, நாலு அடி நகந்து மறுபடியும் நிக்கறது. நேரா ஒரே வேகத்துல நடக்கறத விட இதுல ஒடம்பு சீக்கிரம் தளந்துடும். 1916லயே பாஸ்டன் நுண்கலை மியூசியத்துல வேல பாத்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன்ங்கறவர் மியூசியத்துல வர்ற அசதி பத்தி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு ஆள விட்டு அங்க வெச்சிருக்கற பொருளையெல்லாம் பாக்கச் சொல்லி, ஒவ்வொண்ணையும் சரியா பாக்கறதுக்கு அவர் எப்படியெல்லாம் குனிய வேண்டி இருக்கு, கழுத்த வளைக்க வேண்டி இருக்குனு ஃபோட்டோ எடுத்துப் போட்டார். நூறு வருஷம் தாண்டியாச்சு, இன்னைக்கும் நம்ம கழுத்தும் முட்டியும் அதே கததான்.

மொத நாள் ராத்திரி பத்து நிமிஷம்

கடைய முடிவு பண்ண வேணாம், ஏரியாவ முடிவு பண்ணுங்க. நாளைக்கு மதியம் பன்னண்டுலேருந்து ரெண்டு வரைக்கும் நாம எங்க இருப்போம்னு மேப்ல பாருங்க. அந்த எடத்தச் சுத்தி நடக்கற தூரத்துல மூணு நாலு கடைய பின் பண்ணி வெச்சுக்கோங்க. ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கிட்டா அது மூடி இருந்தா அவ்ளோதான், மறுபடியும் நடுத்தெருவுல நின்னு ஃபோன தேச்சுக்கிட்டு இருக்கணும். மூணுமே ஒரே பக்கமா இருந்தா ரொம்ப நல்லது, ஒண்ணு இல்லன்னா அடுத்ததுக்குப் போக திரும்பி நடக்க வேண்டியதில்ல.

நடக்கற தூரம்னா எவ்ளோ? சாதாரணமா மனுஷன் மணிக்கு அஞ்சு கிலோமீட்டர் நடப்பான், அப்டின்னா 400 மீட்டருக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். ஆனா பசியோட, பையோட, கொழந்தையோட, தெரியாத தெருவுல, சிக்னல்ல நின்னு நின்னு போகும்போது அது ஏழு எட்டு நிமிஷம் ஆகிடும். அதனால ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கற கடைய "பக்கம்தான்"னு கணக்குல சேக்காதீங்க. சரிவான ஊரா, படிக்கட்டு இருக்கற ஊரான்னும் பாத்துக்கோங்க, மேப்ல எல்லாம் தட்டையாத்தான் தெரியும்.

அப்பறம் டிக்கெட். இப்ப நெறைய எடத்துல நேரம் குறிச்ச டிக்கெட்தான் தர்றாங்க. அதுல ஒரு மணி ஸ்லாட்டையோ ஒன்றரை மணி ஸ்லாட்டையோ எடுக்காதீங்க, அது மதியத்த ரெண்டா வெட்டிடும், முன்னாடி சாப்பிட்டா அவசரம், பின்னாடி சாப்பிட்டா பசி மயக்கம். காலைல ஒரு ஸ்லாட், அடுத்தது மூணு மணிக்கு மேலன்னு வெச்சுக்கிட்டா நடுவுல தாராளமா நேரம் கெடைக்கும். பெரிய எடம், ஒரே மூச்சுல பாத்து முடிக்க முடியாதுன்னா, உள்ள போகும்போதே "இதே டிக்கெட்ட வெச்சு வெளிய போயிட்டு மறுபடி வரலாமா"னு கேட்டுடுங்க. சில எடத்துல கைல முத்திரை குத்தி விடுவாங்க, சில எடத்துல வெளிய கால வெச்சா டிக்கெட் செல்லாது. முடியும்னா அந்த நாளோட கணக்கே மாறிடும்.

மேப்ப ஆஃப்லைன்ல டவுன்லோட் பண்ணிக்கறது நல்ல பழக்கம். நெட் இல்லாத நேரத்துல கூகுள் மேப்ஸ்ல கூட்டம் எவ்ளோங்கற லைவ் தகவல் வராது, ஆனா நீங்க பின் பண்ணின எடமும் தெருவும் தெரியும், அது போதும். ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி ஆப் முழுக்க ஆஃப்லைன்லயே ஓடும், நடந்து போற வழியும் காட்டும். 2004ல ஆரம்பிச்ச ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல தன்னார்வலர்கள் போட்ட தகவல வெச்சுத்தான் அது ஓடுது, சில ஊர்ல குடிதண்ணி கொழா, பெஞ்ச், டாய்லெட் எங்கங்கறது கூட அதுல இருக்கும், மதிய நேரத்துல இதெல்லாம் எவ்ளோ உபயோகம்னு போனாத்தான் தெரியும்.

நேரம்தான் பாதி வேல

அந்த ஊர்க்காரங்க எத்தன மணிக்கு சாப்பிடறாங்கனு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க, அது ஊருக்கு ஊர் ஒண்ணு ரெண்டு மணி நேரம் கூட மாறும். தங்கியிருக்கற எடத்துல ரிசப்ஷன்ல கேட்டா சொல்லிடுவாங்க. கேட்டுட்டு, அந்த உச்ச நேரத்துக்கு அரை மணி முன்னாடி போய் உக்காந்துடுங்க. சும்மா அரை மணி நேரம்தான், ஆனா வித்தியாசம் பெருசு. டேபிள் நீங்க கேக்கற எடத்துல கெடைக்கும், ஜன்னலோரமோ மூலையோ. சப்ளை பண்றவங்களும் அப்ப நிதானமா இருப்பாங்க, நாலு வார்த்த பேசுவாங்க, இன்னைக்கு எது நல்லா இருக்குனு கேட்டா யோசிச்சு பதில் சொல்லுவாங்க. நீங்க சாப்பிட்டு முடிக்கற நேரத்துலதான் கூட்டம் சேரவே ஆரம்பிக்கும்.

லேட்டா போறதும் ஒரு வழிதான், கூட்டம் கலைஞ்சதுக்கு அப்பறம். அதுல ஒரு நல்லது, எல்லாரும் சாப்பிடப் போற நேரத்துல பாக்கற எடம் காலியா இருக்கும், நீங்க நிம்மதியா பாக்கலாம். ஆனா ஒரு விஷயத்த கவனிக்கணும். கடை மூடற நேரம் வேற, கிச்சன் மூடற நேரம் வேற. மேப்ல மூணு மணி வரைக்கும் தெறந்திருக்கும்னு போட்டிருக்கும், கடைசி ஆர்டர் ரெண்டரைக்கே முடிஞ்சிருக்கும். சில கடைங்க மதியத்துக்கும் ராத்திரிக்கும் நடுவுல மூணு நாலு மணி நேரம் மூடியே வெச்சிருப்பாங்க. லேட்டா போறதா இருந்தா ஒரு ஃபோன் போட்டு "கடைசி ஆர்டர் எத்தன மணிக்கு"னு கேட்டுடறது உத்தமம். கூட வர்றவங்கள்ல சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க இருந்தா லேட் பிளான் வேணவே வேணாம், அவங்க நேரம்தான் எல்லாருக்கும் நேரம்.

வெயில் ஊரா இருந்தா இன்னொரு கணக்கும் இருக்கு. சூரியன் உச்சிக்கு வர்ற நேரத்துக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு ரெண்டு மணி நேரம்தான் புற ஊதா கதிர் ரொம்ப கடுமையா இருக்கும். அந்த உச்சி கடிகாரத்துல பன்னண்டு மணிக்கே வரும்னு கெடையாது, ஊரப் பொறுத்து ஒரு மணிக்கு மேலயும் போகும். அந்த நேரத்துல கூரைக்குக் கீழ இருந்துட்டா ரெண்டு வேலையும் முடிஞ்சுது. மதியம் ஒண்ணுலேருந்து மூணு மணி வாக்குல தூக்கம் சொக்கறதும் சாப்பாட்டால மட்டும் வர்றது இல்ல, சாப்பிடாதவங்களுக்கும் ஒடம்போட உள்கடிகாரத்தால அந்த மந்தம் வரும். வயிறு முட்ட சாப்பிட்டா அது இன்னும் கூடும், அவ்ளோதான். அந்த நேரத்துல முக்கியமான எடத்தப் பாக்கப் போனா பாதி மனசுலயே ஏறாது.

வாசல்லேருந்து ரெண்டு தெரு தள்ளி

பேர் போன எடத்துக்கு நேர் எதிர்ல இருக்கற கடைக்கு ஒரு சௌகரியம் இருக்கு. அங்க வர்றவங்க மறுபடி வரப்போறதில்ல. நாளைக்கு வேற ஆயிரம் பேர் வருவாங்க. அதனால உங்கள திருப்திப்படுத்தி அனுப்பணும்ங்கற கட்டாயம் அந்தக் கடைக்குக் கம்மி, வாடகை வேற எக்கச்சக்கம், ஒரு டேபிள்ல ஒரு மதியத்துக்கு எத்தன பேர உக்கார வெச்சு எழுப்பறோம்ங்கறதுதான் அவங்க பொழப்பு. அவங்கள குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, ஆனா நீங்க நிம்மதியா உக்காரணும்னா அது அந்த எடம் இல்ல.

ரெண்டு தெரு உள்ள போங்க. பெரிய தெருவுக்கு இணையா ஓடற தெரு, இல்லன்னா குறுக்குச் சந்து. எங்க மளிகைக் கடை, முடி வெட்டற கடை, மருந்துக் கடை, ஸ்கூல் எல்லாம் கண்ணுல பட ஆரம்பிக்குதோ அங்க ஊர்க்காரங்க வாழறாங்கனு அர்த்தம். நெனவுப் பொருள் கடை தீந்து போற எடத்துலேருந்து தேட ஆரம்பிங்க. அங்க இருக்கற கடைக்கு அதே மூஞ்சிங்கதான் தெனமும் வரும், ஒரு நாள் சரியில்லன்னா அடுத்த நாள் வர மாட்டாங்க, அந்த பயம்தான் நமக்கும் காவல்.

ஆபீஸ் ஏரியா பத்தி ஒரு வார்த்த. வேல நாள்ல அங்க ஒரு மணி நேரம் மட்டும் பயங்கர கூட்டம் இருக்கும், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஈ ஆடும், நல்ல சாப்பாடு, சுறுசுறுப்பான சர்வீஸ், அந்த நேரத்துல போனா அருமை. லீவு நாள்ல அதே ஏரியா சுத்தமா மூடிக் கெடக்கும். ஞாயித்துக்கிழம அங்க போய் அலையாதீங்க.

மேப்ல எத நம்பறது

ஸ்டார் ரேட்டிங்க பாத்து முடிவு பண்ணாதீங்க. நாலரை ஸ்டார் வாங்கின கடை ராத்திரி விருந்துக்குப் பேர் போனதா இருக்கும், மதியம் தெறக்கவே தெறக்காது. எனக்கு ரேட்டிங்க விட ரெண்டு விஷயம்தான் அதிகமா உதவும். ஒண்ணு, கூகுள் மேப்ஸ்ல கடைக்குக் கீழ வர்ற கட்டம் கட்டமான கிராஃப், எந்தக் கிழமை எந்த மணிக்கு எவ்ளோ கூட்டம்னு காட்டும். 2015லேருந்து இது இருக்கு, லொக்கேஷன் பகிர ஒத்துக்கிட்டவங்க ஃபோன்லேருந்து பேர் இல்லாம சேத்த தகவல வெச்சுப் போடறாங்க. அதுல மதியக் கட்டம் எங்க ஏறி எங்க எறங்குதுனு பாத்தாலே எப்ப போகணும்னு தெரிஞ்சிடும். இன்னொண்ணு அதுக்குக் கீழயே சின்ன எழுத்துல இருக்கும், மக்கள் பொதுவா இங்க எவ்ளோ நேரம் இருக்காங்கன்னு. இத நெறைய பேர் கவனிக்கறதே இல்ல. இருபது நிமிஷம்னு இருந்தா அது சாப்பிட்டு ஓடற கடை. ஒரு மணி, ஒன்றரை மணின்னு இருந்தா அங்க உக்கார விடறாங்க. நமக்கு வேண்டியது அதுதான். எல்லாக் கடைக்கும் இந்தத் தகவல் இருக்காது, இருந்தா விடாதீங்க.

ரிவ்யூவ புதுசுலேருந்து வரிசைப்படுத்திப் படிங்க, ஆறு மாசத்துக்குள்ள எழுதினது போதும், ஆள் மாறியிருப்பாங்க, சமையல்காரர் மாறியிருப்பார். ரெண்டு மூணு சாதாரண ரிவ்யூவ முழுசா படிச்சா போதும். ஒரு ஸ்டார் போட்டவங்களும் அஞ்சு ஸ்டார் போட்டவங்களும் உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருப்பாங்க, மூணு ஸ்டார், நாலு ஸ்டார் போட்டவங்கதான் சத்தமா இருந்துச்சு, டேபிள் நெருக்கமா இருந்துச்சு, ஆர்டர் வர நாப்பது நிமிஷம் ஆச்சுன்னு நமக்கு வேண்டியத எழுதுவாங்க. ரிவ்யூக்குள்ளயே தேடற வசதி இருக்கு, அதுல "சத்தம்", "கூட்டம்", "கொழந்த", "ஏசி"ன்னு அந்த ஊர் பாஷையிலயோ இங்கிலீஷ்லயோ தேடிப் பாருங்க. அப்பறம் ஃபோட்டோ. சாப்பாட்டுத் தட்ட விட்டுடுங்க, பின்னாடி தெரியற நாற்காலியப் பாருங்க. சாஞ்சு உக்காரற நாற்காலியா, முதுகு இல்லாத ஸ்டூலா, நின்னுக்கிட்டே சாப்பிடற உயர டேபிளா. கூட வயசானவங்க இருந்தா கடையத் தேர்ந்தெடுக்க அந்த ஃபோட்டோ ஒண்ணே போதும்.

ரெஸ்டாரன்ட்டுக்கு ஸ்டார் குடுத்து மதிப்பிடற மிஷ்லின் கைடுல 1997லேருந்து பிப் கூர்மான்னு ஒரு பட்டியல் இருக்கு, ஸ்டார் இல்ல, நியாயமான வெலைல நல்ல சாப்பாடு போடற கடைங்களுக்கு. அந்த ஊருக்கு அது இருந்தா ஒரு பார்வ பாக்கலாம். ஆனா பட்டியல்ல வந்த கடைல மதியமும் கியூ நிக்கும், ரிசர்வ் பண்ணாம போகாதீங்க. நிம்மதிக்குன்னு பாத்தா அதே தெருவுல பட்டியல்ல வராத பக்கத்துக் கடையே மேல்.

வாசல்ல ரெண்டு நிமிஷம் நில்லுங்க

இதுக்கு மேல மேப் தேவையில்ல, கண்ணு போதும். வெளிய நின்னு ஒருத்தர் கைய புடிச்சு இழுக்காத கொறையா கூப்பிட்டா நகந்துடுங்க. மெனு வெளிய ஒட்டியிருக்கானு பாருங்க, வெல போட்டிருக்கானு பாருங்க. மெனு கம்மியா இருந்தா நல்லது. ஏழெட்டு பாஷையில, நூத்தம்பது ஐட்டம், எல்லாத்துக்கும் ஃபோட்டோன்னு இருந்தா அவ்ளோத்தையும் அன்னன்னைக்கு சமைக்க முடியாது. கையால எழுதின ஒரு போர்டு, அதுல இன்னைக்கு இது இதுன்னு நாலே நாலு வரி இருந்தா காலைல வாங்கினத வெச்சு சமைக்கறாங்கனு நம்பலாம்.

உள்ள எட்டிப் பாருங்க. யார் உக்காந்திருக்காங்க? எல்லார் கைலயும் கேமராவும் மேப்பும் இருக்கா, இல்ல வேலைக்கு நடுவுல வந்தவங்க, தனியா பேப்பர் படிச்சுக்கிட்டு சாப்பிடற பெரியவர், ஆர்டர் பண்ணாமலே தட்டு வர்ற ஆள் இருக்காங்களா? ரெண்டாவது வகை இருந்தா போங்க. காலியான டேபிள் தொடைச்சிருக்கா, சாப்பிட்டு முடிச்ச தட்டு எவ்ளோ நேரமா அப்டியே கெடக்கு, சப்ளை பண்றவங்க நடக்கறாங்களா ஓடறாங்களான்னு கவனிங்க. ஓடிக்கிட்டு இருந்தா உங்கள கவனிக்க நேரம் இருக்காது. சாப்பிட்டு முடிச்சவங்க இன்னும் பேசிக்கிட்டு உக்காந்திருக்காங்கன்னா, பில் அவங்க முன்னாடி வந்து விழலன்னா, உங்களையும் அப்டி விடுவாங்க.

கதவத் தெறந்ததும் காத வெச்சுக் கேளுங்க. வெறும் செவுரு, டைல்ஸ் தரை, கண்ணாடி, உசரமான கூரைன்னா நாலு டேபிள் பேசினாலே எரைச்சல் எதிரொலிக்கும். துணி, மரம், திரைச்சீலை இருந்தா சத்தத்த உள்வாங்கிக்கும். காலைலேருந்து கூட்டத்துல நின்னுட்டு வந்தவங்களுக்கு அமைதியும் சாப்பாட்டுல ஒரு பங்கு.

பஃபேன்னா ஒரே ஒரு சோதனை. சூடா இருக்க வேண்டியது நல்லா சூடா இருக்கணும், 60 டிகிரி செல்சியஸுக்கு மேல. ஜில்லுனு இருக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழ. நடுவுல இருக்கற வெதுவெதுப்புலதான் கிருமி வேகமா பெருகும், சமைச்சத ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வெச்சிருக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. உங்ககிட்ட தெர்மாமீட்டர் இருக்காது, மூடியத் தெறந்தா ஆவி பறக்குதான்னு பாருங்க. பறக்கலன்னா அத விட்டுட்டு அப்ப சமைச்சுத் தர்றத வாங்குங்க. பயணத்துல வயிறு கெட்டா ஒரு நாள் போச்சு, இதுல மட்டும் கூச்சப்படாதீங்க.

யாரும் யோசிக்காத எடங்கள்

பெரிய மியூசியத்துக்குள்ள இருக்கற கஃபே வெல கொஞ்சம் கூட இருக்கும், ஆனா மறுபடி கியூல நிக்க வேண்டியதில்ல, டாய்லெட் சுத்தமா இருக்கும், சில எடத்துல டிக்கெட் இல்லாமலே கஃபேக்கு மட்டும் போகலாம். தாவரவியல் பூங்கா கஃபே எனக்கு ரொம்பப் பிடிக்கும், அங்க யாருமே அவசரத்துல இருக்க மாட்டாங்க. பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் மேல் மாடி, பொது நூலகத்தோட கேன்டீன், வெளியாள அனுமதிக்கற யுனிவர்சிட்டி கேன்டீன், இதெல்லாம் டூரிஸ்ட் கண்ணுல படறதில்ல. பெரிய ஓட்டல்ல ராத்திரி கைய சுடற வெலைல இருக்கற ரெஸ்டாரன்ட் மதியத்துக்கு மட்டும் ஒரு செட் மெனு கம்மி வெலைல போடறதும் உண்டு, அதே கிச்சன், அதே நாற்காலி.

ஒண்ணும் சரிப்படலன்னா பார்சல் வாங்கிக்கிட்டு ஒரு பார்க்குக்குப் போயிடுங்க. இத தோல்வின்னு நெனைக்க வேணாம், நல்ல நெழல் இருக்கற பெஞ்ச் கெடைச்சா அத விட நிம்மதி எந்தக் கடைலயும் கெடைக்காது. ஆனா வரிசைய மாத்திப் பண்ணாதீங்க, மொதல்ல பெஞ்ச பாத்து வெச்சுட்டு அப்பறம் பார்சல் வாங்குங்க. கைல சூடான பொட்டலத்தோட நெழல் தேடி அலையறது கொடுமை. அங்க சாப்பிட அனுமதி இருக்கான்னு வாசல்ல போர்டு பாத்துக்கோங்க, குப்பைக்கு ஒரு கவர், கை தொடைக்க டிஷ்யூ, தண்ணி பாட்டில், இந்த மூணும் பைல எப்பவும் இருக்கட்டும்.

உக்காந்ததுக்கு அப்பறம்

மொதல்ல தண்ணி குடிங்க. நடந்து வந்ததுல பசியோட தாகமும் சேந்திருக்கும். கொழாத் தண்ணி அந்த ஊர்ல குடிக்கலாமான்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க, டேபிள்ல வைக்கற பாட்டில், ரொட்டி, கொறிக்கற ஐட்டம் இதெல்லாம் இலவசமா காசான்னு தொடறதுக்கு முன்னாடி கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

மெனு புரியலன்னா ஃபோன்ல டிரான்ஸ்லேட் ஆப்ப தெறந்து கேமராவ காட்டினா எழுத்து மாறித் தெரியும். அந்த பாஷைய முன்னாடியே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க. சாப்பாட்டுப் பேரெல்லாம் அது சில நேரம் தப்பும் தவறுமா சொல்லும், அதனால அலர்ஜி இருக்கறவங்க அத மட்டும் நம்பக் கூடாது. எனக்கு இது ஆகாது, இது கலந்திருந்தா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும்னு அந்த ஊர் பாஷையில ஒரு சீட்டுல எழுதி வாங்கி வெச்சுக்கிட்டு ஆர்டர் பண்ணும்போது நீட்டுங்க. சைவம் மட்டும் சாப்பிடறவங்களும் அதே மாதிரி என்னென்ன கூடாதுன்னு பிரிச்சு எழுதி வைங்க, குழம்புக்கு ஊத்தறது எறச்சியோ மீனோ வேகவெச்ச தண்ணியா, எந்தக் கொழுப்புல வறுக்கறாங்கங்கறது வரைக்கும். சைவம்ங்கற ஒத்த சொல்ல ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கறாங்க.

கொஞ்சமா ஆர்டர் பண்ணுங்க, வேணும்னா மறுபடி சொல்லலாம். வயிறு நெறஞ்சது மூளைக்குப் போய்ச் சேர ஒரு இருபது நிமிஷம் ஆகும், பசில கண்ணு கேக்கறதயெல்லாம் மொத்தமா சொல்லிட்டா பாதி மிச்சமாகும், மீதி நடக்க விடாது. பக்கத்து டேபிள்ல ஒண்ணு நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சா சிரிச்சுக்கிட்டே கைய காட்டிக் கேளுங்க, பெரும்பாலும் அத யாரும் தப்பா எடுத்துக்கறதில்ல.

செருப்பு, ஷூவ கொஞ்சம் தளத்தி விடுங்க. ஃபோன சார்ஜ்ல போடுங்க. பைய நாற்காலி முதுகுல மாட்டாதீங்க, வாரை கால்ல ஒரு சுத்து சுத்தி கீழ வைங்க, ஃபோன டேபிள் ஓரத்துல வைக்காதீங்க, முக்கியமா வெளிய தெருவோரமா உக்காந்தா. இத ஒருக்கா பண்ணிட்டா அதுக்கப்பறம் பயம் இல்லாம சாயலாம்.

கூட நாலு பேருக்கு மேல இருந்தா எல்லாரும் ஒரே கடைலதான் சாப்பிடணும்னு கட்டாயம் வைக்காதீங்க. எல்லாரையும் திருப்திப்படுத்தற கடையத் தேடித்தான் குடும்பத்துக்குள்ள பாதி சண்ட வரும். ரெண்டு பேருக்கு உக்காந்து சாப்பிடணும், ரெண்டு பேருக்கு இன்னும் நடக்கணும்னா, மூணு மணிக்கு இன்ன எடத்துல பாப்போம்னு பிரிஞ்சு போங்க. கொழந்தைங்க இருந்தா மணி பாக்காதீங்க, அவங்க மூஞ்சி வாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உக்காந்துடணும், அதுக்காக ஒரு சின்ன பொட்டலம் தீனி பைல இருந்தா கடை தேடற பத்து நிமிஷம் அழுக இல்லாம போகும்.

பில்

அடுத்த டிக்கெட்டுக்கு நேரம் குறிச்சிருந்தா சாப்பாடு வந்ததுமே பில்லயும் கேட்டுக் கட்டிடுங்க. அப்பறம் கடைசி நிமிஷம் வரைக்கும் உக்காரலாம், கைய ஆட்டி ஆட்டி யாரையும் கூப்பிட வேண்டியதில்ல. பில்ல ஒரு தடவ வரி வரியா படிங்க, சர்வீஸ் சார்ஜ் சேத்திருக்காங்களான்னு பாருங்க, சேத்திருந்தா தனியா டிப்ஸ் வைக்கறது உங்க விருப்பம். வெளிநாட்டுல கார்டு தேய்க்கும்போது மெஷின் "உங்க ஊர் பணத்துல கழிக்கட்டுமா, இந்த ஊர் பணத்துல கழிக்கட்டுமா"ன்னு கேட்டா எப்பவும் அந்த ஊர் பணத்தயே அமுக்குங்க, நம்ம பணத்துல மாத்திக் காட்டறது பாக்க வசதியா இருக்கும், ஆனா மாத்தற ரேட்ல கூடுதலா புடிச்சிடுவாங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி டாய்லெட் போயிட்டு, பாட்டில்ல தண்ணி ரொப்பிக்கிட்டு, நாற்காலிய ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டு கெளம்புங்க. கடை பிடிச்சிருந்தா மேப்ல சேவ் பண்ணி, நீங்க உக்காந்த நேரத்தயும் குறிச்சு வைங்க. அந்த ஊர்ல இன்னும் ஒரு நாள் இருக்கப் போறீங்கன்னா தயங்காம மறுநாளும் அங்கயே போங்க. ரெண்டாவது தடவ போகும்போது மூஞ்சி ஞாபகம் வெச்சிருப்பாங்க, மெனுவ நீட்டறதுக்கு முன்னாடி அதே ஜன்னலோர டேபிள காட்டுவாங்க.